வெட்டிய எழுத்துக்கு வண்ணம் வேண்டும்!



ஆண்டு மலர் என்றாலே நட்பு, தாய்மை, வேலையில்லாத் திண்டாட்டம் இந்த மூன்றைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று ஒரு வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அவையும் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நாம் டிப்ளமோ மாணவர்கள். இரும்பைத் தொட்டுப் பிழைக்கப் போகிறவர்கள். ஆகவே இரும்பில் வெட்டியிருக்கும் எழுத்தைப் பற்றியும், அந்த எழுத்தின் பள்ளத்தில் விட வேண்டிய ஒரு சொட்டுப் பெயின்டைப் பற்றியும் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். "இதெல்லாம் ஒரு சப்ஜெக்டாடா?" என்று ஹாஸ்டல் நண்பர்கள் சிரித்தார்கள். கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு அப்புறம் சிரிக்கட்டும்.

நான் சொல்ல வருவது இதுதான். இரும்பில் எழுத்தை வெட்டியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. அந்த எழுத்து, அவசரத்தில், அரை வெளிச்சத்தில், கையில் கிரீஸோடு நிற்கிற ஒரு தொழிலாளியின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அது எழுத்து அல்ல, வெறும் கீறல். கீறலை எழுத்தாக்குவது வண்ணம். இந்த வேலையைச் செய்ய ஒரு சின்ன டப்பா எனாமலும் ஒரு பல்குச்சியும் போதும். ஆனாலும் நாம் செய்வதில்லை. ஏன்?

துப்பாக்கியில் இருந்து தொடங்குவோம்

துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். நம்மில் என்.சி.சி.யில் இருப்பவர்களுக்குத் தெரியும். கேம்பில் ரைஃபிளைக் கழற்றிப் பூட்டுகிற 'கோல்னா ஜோட்னா' பாடம் நடக்கும்போது ஒவ்வொரு பாகத்திலும் ஏதாவது ஒரு எண்ணோ எழுத்தோ வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எஸ்.எல்.ஆர். என்கிற 7.62 ரைஃபிளில் ஒரு சின்ன லீவர் உண்டு. அதன் பக்கத்தில் 'எஸ்' என்றும் 'ஆர்' என்றும் இரண்டு எழுத்துகள். 'எஸ்' பக்கம் லீவர் இருந்தால் விசையை இழுத்தாலும் சுடாது. 'ஆர்' பக்கம் இருந்தால் இழுத்த மாத்திரத்தில் சுடும். உயிருக்கும் சாவுக்கும் நடுவில் நிற்பது இரண்டே எழுத்து! அதுவும் கறுத்த இரும்பின் மேல் கறுத்த எழுத்து. எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வெளிநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலர் இந்த எழுத்துகளுக்குத் தாங்களே வண்ணம் நிரப்பிக்கொள்கிறார்கள். கிரேயான் மாதிரி இருக்கும் வண்ணக் குச்சிகளே இதற்கென்று விற்கிறார்கள். பத்திரமான நிலைக்கு வெள்ளை, சுடும் நிலைக்குச் சிவப்பு என்பது பரவலான பழக்கம். எந்த அளவுத் தோட்டா போட வேண்டும் என்று குழாயில் வெட்டியிருக்கும் எண்ணுக்கும் வெள்ளை நிரப்புவார்கள். அளவு மாறிய தோட்டாவைப் போட்டுச் சுட்டால் துப்பாக்கியே வெடிக்கக்கூடும் அல்லவா? சிலர் அழகுக்காகவும் செய்கிறார்கள். அதை விட்டுவிடுவோம். அதில் இருக்கிற அறிவைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே, திருச்சியில், 1966இல் நிறுவப்பட்ட துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. நம் சீனியர்கள் பலருக்கும் அங்கே அப்ரன்டிஸாகச் சேர வேண்டும் என்று ஒரு கனவு உண்டு. அங்கே உருவாகும் ஒவ்வொரு ஆயுதத்துக்கும் எண் உண்டு. அந்த எண்தான் அதன் ரேஷன் கார்டு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, துப்பாக்கியில் உள்ள பெயர், எண், அடையாளக் குறி எதையும் அழிக்கவோ மாற்றவோ கூடாது என்று தடுக்கிறது. வெட்டிய எழுத்து நாட்டின் சட்டத்துக்கே எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

பொன் நிரப்பிய காலம்

பள்ளத்தில் வண்ணம் நிரப்புவது ஏதோ மேல்நாட்டு நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நம் சேலம் சீமை 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போகும் வரை மைசூர் ஆட்சியில் இருந்தது. சங்ககிரி மலைக்கோட்டையில் திப்பு சுல்தானின் படை இருந்திருக்கிறது. அந்தத் திப்புவின் பட்டறைகளில் செய்த துப்பாக்கிகளின் இரும்பில் எழுத்தையும் புலி வரிகளையும் செதுக்கி, அந்தப் பள்ளத்தில் பொன்னையும் வெள்ளியையும் அடித்து இறக்கினார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அவற்றில் பல இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்தன. இருநூறு ஆண்டு கழித்தும் அந்த எழுத்தைப் படிக்க முடிகிறது என்றால், பள்ளத்தில் பொன் இருப்பதால்தான்.

அவ்வளவு தூரம் போவானேன்? செவ்வாய்ப்பேட்டைக்கும் சிவதாபுரத்துக்கும் போய்ப் பாருங்கள். வெள்ளிக் கொலுசில் வெட்டிய பூவுக்குச் சிவப்பும் பச்சையுமாக எனாமல் வைக்கிறார்கள். வெறும் வெள்ளியில் அந்தப் பூ இருப்பதே தெரியாது. வண்ணம் இறங்கியதும் பூ மலர்ந்துவிடுகிறது. கொலுசு போடும் கால் நடந்து போகும்போது தூரத்தில் இருப்பவனுக்கும் தெரிகிறது. ஒரு கொலுசுப் பூவுக்குக் காட்டுகிற அக்கறையை, ஒரு மெஷினின் லீவருக்கு நாம் காட்டுகிறோமா? இதுதான் என் கேள்வி.

மாமாவின் விரல்கள்

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்தில் இருந்து வரவில்லை.

என் தாய்மாமா ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் வேலை பார்த்தார். லாரி பாடிக்கு வேண்டிய பிராக்கெட்டுகளை அடிக்கிற வேலை. அந்த மெஷினில் ஒரு ஸ்விட்ச். ஒரு பக்கம் திருப்பினால் பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு அடிதான் அடிக்கும். இன்னொரு பக்கம் திருப்பினால் நிற்காமல் அடித்துக்கொண்டே இருக்கும். இரண்டையும் குறிக்க இங்கிலீஷில் எழுத்து வெட்டித்தான் மெஷின் வந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் மெஷினுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, பெயர்ப்பலகை, டயல், ஸ்விட்ச் என்று பார்க்காமல் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பச்சையாக அடித்துவிடுவார்கள். வருஷத்துக்கு ஒரு கோட்டிங். எழுத்தின் பள்ளம் பெயின்டிலேயே தூர்ந்து போய்விட்டது.

ஒரு நாள் காலை ஷிப்டில், ராத்திரி ஷிப்டுக்காரர் ஸ்விட்சைத் திருப்பி வைத்துவிட்டுப் போனது தெரியாமல் மாமா பெடலை மிதித்தார். முதல் அடி விழுந்தது. பீஸை எடுக்கக் கையை நீட்டினார். இரண்டாவது அடியும் விழுந்தது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

முதலாளி கெட்டவர் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவு பார்த்தார். ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து ஒரு வார்த்தை சொன்னார். "படிச்சிருந்தா பார்த்து மிதிச்சிருப்பானுங்க. படிக்காத ஆளு, என்னங்க பண்றது?" என்றார். எங்கள் வீட்டில் யாரும் பதில் பேசவில்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். படிக்காதது தன் குற்றம்தான் என்று அவரே நம்பிவிட்டார்.

அப்போது நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். பிறகு டிப்ளமோவில் சேர்ந்த முதல் வருஷ லீவில் அந்தப் பட்டறைக்குப் போய் அந்த மெஷினைப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன். ஆனால் அந்த ஸ்விட்சுக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை! பச்சை பெயின்ட்தான் தெரிந்தது. எம்.ஏ. படித்தவர் வந்து நின்றாலும் அதுதான் தெரியும். அப்படியானால் மாமாவின் விரல் போனது படிப்பில்லாததாலா, எழுத்தில்லாததாலா? தோழர்களே, நீங்களே சொல்லுங்கள்.

ஒரே பெயின்ட்தான். எழுத்தின் மேலே பூசினால் விரல் போகிறது. எழுத்தின் உள்ளே நிரப்பினால் விரல் நிற்கிறது.

அப்பாவின் ஸ்பேனர்

என் அப்பா நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருபது வருஷமாக வேலை செய்கிறார். கையெழுத்துப் போடுவார். அதற்கு மேல் படிக்கத் தெரியாது. ஸ்பேனரில் வெட்டியிருக்கும் எண்ணை அவர் பார்ப்பதே இல்லை. தன்னுடைய செட்டில் பதினேழுக்குச் சிவப்பு, பத்தொன்பதுக்கு மஞ்சள், இருபத்திநான்குக்கு நீலம் என்று பாடியில் மிச்சமான பெயின்டைத் தொட்டு வைத்திருக்கிறார். "சாமி, அந்த மஞ்சளை எடு" என்றுதான் கேட்பார். புதுசாகச் சேரும் பையன்கள் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கும்போது அப்பா நட்டைக் கழற்றி முடித்துவிடுவார். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை. தேவை சொல்லிக்கொடுத்தது.

இதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். நம் நாடே இந்த அறிவை நம்பித்தான் நடந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர்தான். அந்த நிலையில் 1951–52இல் முதல் பொதுத் தேர்தல் நடத்த வேண்டி வந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, பெட்டியின் மேல் சின்னத்தை ஒட்டினார்கள். எழுத்துத் தெரியாத கோடிக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டார்கள். 'முதலில் படித்துவிட்டு வா, பிறகு ஓட்டுப் போடு' என்று யாரும் சொல்லவில்லை. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரிகிற மாதிரி அமைப்பை மாற்றினார்கள். அதுதான் ஜனநாயகம். பட்டறைக்கு மட்டும் அந்த ஜனநாயகம் வேண்டாமா?

நம் வெல்டிங் ஷாப்பையே எடுத்துக்கொள்வோம். கறுப்பு சிலிண்டர் ஆக்ஸிஜன், மெரூன் சிலிண்டர் அசிட்டிலின். சிலிண்டர் மேல் எழுதியிருப்பதை யாராவது படித்துப் பார்த்துவிட்டா ரெகுலேட்டரை மாட்டுகிறோம்? நிறத்தைப் பார்க்கிறோம். அசிட்டிலின் பக்கம் மரை இடதுகைத் திருகாக இருக்கும்; ஆக்ஸிஜன் ரெகுலேட்டரை அதில் மாட்டவே முடியாது. அதாவது கண் தவறினாலும் கை தவறாது. இப்படி யோசித்து வைத்த மனிதர் யாரோ, அவருக்குக் கோயில் கட்டலாம்!

எதிர்வாதங்களும் உண்டு

நண்பர்களிடம் இதைப் பேசியபோது நல்ல நல்ல கேள்விகள் கேட்டார்கள். அவற்றையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஒருவர் கேட்டார்: "வண்ணம் இருந்தால் மட்டும் போதுமா? வண்ணத்துக்கு அர்த்தம் தெரிய வேண்டாமா?" உண்மைதான். பூச்சிமருந்து டப்பாவைப் பாருங்கள். சதுரத்தைச் சாய்த்து வைத்தாற்போல ஒரு குறி இருக்கும். அதன் கீழ்ப்பாதியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று ஏதாவது ஒரு நிறம். 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகளின்படி சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். பச்சை என்றால் இருப்பதிலேயே குறைந்த விஷம். ஆனால் என் அம்மா மரவள்ளிக் காட்டில் கூலி வேலைக்குப் போகும்போது பச்சைக் குறி போட்ட மருந்தைப் பார்த்து, "பச்சைதானே, ஒண்ணும் பண்ணாது கண்ணு" என்றார். பச்சையும் விஷம்தான் என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. வண்ணம் போட்டால் மட்டும் போதாது, அதற்கு அர்த்தத்தைச் சொல்லியும் கொடுக்க வேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொருவர் கேட்டார்: "நிறக்குருடு உள்ளவர் என்ன செய்வார்?" இதுவும் சரியான கேள்வி. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஆண்கள் நூற்றுக்குச் சிலராவது இருக்கிறார்கள். அவர்களில் பலருக்குத் தங்களுக்கு அப்படி இருப்பதே தெரியாது. அதனால்தான் வெறும் வண்ணப் பொட்டு வைத்தால் போதாது, வெட்டிய எழுத்துக்குள் வண்ணம் என்கிறேன். பள்ளம் விரலுக்கு; வண்ணம் கண்ணுக்கு; எழுத்து படித்தவனுக்கு. மூன்றில் ஒன்று கைவிட்டாலும் மற்ற இரண்டு காப்பாற்றும்.

துப்பாக்கிக்கு வண்ணம் போடுவதிலும் ஒரு ஆபத்து உண்டு. அமெரிக்காவில் 1980களின் கடைசியில், பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். நிஜத் துப்பாக்கி என்று நினைத்துப் போலீஸார் குழந்தையைச் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக. இப்போது நிஜத் துப்பாக்கியைக் கலர் கலராக அலங்கரித்து வீட்டில் வைத்தால், குழந்தை அதைப் பொம்மை என்று எடுத்து விளையாடாதா? ஆகவே வண்ணம் எழுத்தின் பள்ளத்தோடு நிற்க வேண்டும். அலங்காரம் வேறு, அறிவிப்பு வேறு.

வண்ணமே போடக் கூடாத எழுத்துகளும் உண்டு. மளிகைக் கடை இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். குழியில் ஈயம் ஊற்றி அதில் அரசு முத்திரை குத்தியிருக்கும். அதன் மேல் பெயின்ட் பட்டால் முத்திரை தெரியாது. வாங்குபவருக்கு நம்பிக்கை போய்விடும். லாரியின் சேஸிஸ் நம்பரும் அப்படித்தான். பேப்பரை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுக்க வேண்டும். பள்ளத்தில் பெயின்ட் தூர்ந்திருந்தால் பிரிண்ட் விழாது. அதனால்தான் விவரம் தெரிந்த டிரைவர்கள் அந்த இடத்தில் கிரீஸை மட்டும் தடவி வைப்பார்கள். நாமக்கல் மலையைக் குடைந்து செய்த அரங்கநாதர் கோயிலிலும் நரசிம்மர் கோயிலிலும் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய எழுத்துகளும் சிற்பங்களும் இருக்கின்றன. அங்கே போய்ப் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது. கல்வெட்டு அறிஞர்கள் ஈரக் காகிதத்தை அடித்து ஒட்டி மைப்படிதான் எடுப்பார்கள். கல்லைத் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

ஆக, எங்கே நிரப்ப வேண்டும், எங்கே தொடவே கூடாது என்று தெரிந்திருப்பதும் ஒரு படிப்புத்தான். அந்தப் படிப்பு நமக்கு இருக்க வேண்டும்.

செய்முறை

வெறுமனே பேசிவிட்டுப் போனால் நாம் எதற்கு டிப்ளமோ? துப்பாக்கிக்கும் லேத்துக்கும் முறை ஒன்றுதான்.

முதலில் பள்ளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். பழைய டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, உள்ளே இருக்கிற அழுக்கையும் பழைய பெயின்டையும் கிளறி எடுக்க வேண்டும். தூர்ந்து போயிருந்தால் பித்தளைக் கம்பியால் மெதுவாகக் கீறலாம். உளியையும் ஸ்க்ரைபரையும் தொடாதீர்கள். கோடு அகலமாகி அளவே கெட்டுவிடும். அடுத்து தின்னர் நனைத்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசை இல்லாமல் காயவிட வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் பெயின்ட் ஒரு மாதத்தில் உரிந்து வந்துவிடும். தின்னர், மண்ணெண்ணெய் பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பிறகு பல்குச்சியின் நுனியில் எனாமலைத் தொட்டுப் பள்ளத்தில் இறக்க வேண்டும். மேலே வழிந்தால் கவலை இல்லை. சில நிமிஷம் விட்டு, பெயின்ட் லேசாக இறுகியதும், ஒரு தட்டையான மரத்துண்டில் துணியை இறுக்கமாகச் சுற்றி, தின்னரில் தொட்டும் தொடாமலும் நனைத்து, கோட்டுக்குக் குறுக்காக ஒரே இழுப்பாகத் துடைக்க வேண்டும். கோட்டின் நீளத்திலேயே துடைத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து வந்துவிடும். துணியை விரலில் சுற்றித் துடைத்தாலும் அப்படித்தான். விரல் மெத்தென்று பள்ளத்துக்குள் இறங்கிவிடும். ஒரு நாள் காய விட்டால் வேலை முடிந்தது.

நிறம்? கறுத்த இரும்புக்கு வெள்ளை, பளபளப்பான இரும்புக்குக் கறுப்பு, ஆபத்துக்கு மட்டும் சிவப்பு. எல்லாவற்றுக்கும் சிவப்பு போட்டால் சிவப்புக்கு மரியாதை போய்விடும். நகத்தை வைத்து இழுத்தால் தட்டுப்படுகிற ஆழம் இருந்தால்தான் பெயின்ட் நிற்கும். லேசர் மார்க்கிங் போல மேலோட்டமாக இருப்பதில் நிற்காது.

நம் ஒர்க்ஷாப்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். நம் ஒர்க்ஷாப்பில் இருக்கும் லேத்துகளின் கிராஸ் ஸ்லைடு டயலை நாளைக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை டயலில் கோடு தெரிகிறது? ஒரு கோட்டுக்கு 0.05 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஒரு கோடு தப்பினால் ஜாபின் விட்டத்தில் 0.1 மி.மீ. போய்விடும். பிராக்டிகல் பரீட்சையில் மார்க் போகிறது. சரி, அரியர் எழுதிக்கொள்ளலாம். வேலைக்குப் போன இடத்தில் போனால்? வெர்னியரையும் மைக்ரோமீட்டரையும் செய்தவர்கள் ஒவ்வொரு கோட்டிலும் கறுப்பு நிரப்பித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் எவ்வளவு துல்லியமாக வெட்டிய கோடும் நம் கண்ணுக்கு வீண்தான்.

வள்ளுவர் எண்ணையும் எழுத்தையும் இரண்டு கண்கள் என்றார். நம் மெஷின்களில் அந்த இரண்டு கண்களுக்கும் புரை விழுந்து கிடக்கிறது. புரையை எடுக்க வேண்டியவர்கள் நாம்தானே?

இந்த வேலைக்குப் பிரின்சிபால் சாரிடம் நிதி கேட்க வேண்டியதில்லை. டெண்டர் விட வேண்டியதில்லை. அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வழக்கம்போல ஒர்க்ஷாப்பைக் கழுவி மாக்கோலம் போடுவோம் அல்லவா? அன்றைக்கு மெஷினுக்கு ஒரு மாத்திரை சந்தனம் குறைத்து, ஒரு சொட்டு எனாமல் கூட்டுவோம். நம் மாணவர் மன்றம் முன்னின்று ஒவ்வொரு பிரிவுக்கும் நான்கு மெஷின் என்று பிரித்துக் கொடுக்கட்டும். டயல், லீவர், பெயர்ப்பலகை எல்லாவற்றுக்கும் வண்ணம் நிரப்புவோம். ஆபத்தான லீவருக்குப் பக்கத்தில் தமிழில் இரண்டு வார்த்தை எழுதி வைப்போம். 'நிற்கும்', 'ஓடும்' என்று எழுத எத்தனை நேரம் ஆகும்? பெயின்ட் அடிக்க வருகிறவரிடம், "அண்ணா, எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் டேப் ஒட்டிட்டு அடிங்க" என்று சொல்வோம். அவர் கேட்பார். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது வேண்டுகோள். இன்பிளான்ட் டிரெயினிங் போகிறவர்கள், நாளைக்கு சூப்பர்வைசராகப் போகிறவர்கள், முதல் நாள் செய்ய வேண்டிய முதல் வேலையாக இதை வைத்துக்கொள்ளுங்கள். ஷாப் ஃப்ளோரில் ஒரு சுற்றுச் சுற்றி, எந்த லீவரில் எழுத்து தெரியவில்லை என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்யப் போகிறவர்கள் என் மாமா மாதிரி, என் அப்பா மாதிரி ஆட்கள்தான். அவர்கள் உங்களிடம் கேட்க மாட்டார்கள். "படிச்ச தம்பி, அவருக்குத் தெரியாததா?" என்று நம்பி மெஷினுக்குள் கையை விடுவார்கள். அந்த நம்பிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

நம்மில் பலரும் குடும்பத்திலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நாம் படித்துவிட்டோம் என்பதற்காக நம் வீட்டில் இருக்கிற எல்லோரும் ஒரே நாளில் படித்துவிடப் போவதில்லை. ஆனால் நாம் படித்த எழுத்தை அவர்களுக்கும் தெரிகிற மாதிரி செய்ய நம்மால் முடியும். படிப்பாளி என்று மார் தட்டிக்கொள்வதைவிட அது பெரிய காரியம் என்று நான் நினைக்கிறேன்.

மாமா இப்போது ஒரு கோழிப்பண்ணையில் வாட்ச்மேன். எட்டு விரலோடு டீ கிளாஸைப் பிடிக்கப் பழகிவிட்டார். அந்தப் பிரஸ் மெஷின் அதே பட்டறையில் இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு ஒருவர் அதில் வேலை செய்கிறார். அவருக்குப் பத்து விரல் இருக்கிறது. இந்தச் செமஸ்டர் லீவில் மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் பல்குச்சியும் எடுத்துக்கொண்டு அங்கே போகப் போகிறேன். முதலாளியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். வர விருப்பமுள்ள தோழர்கள் ஹாஸ்டலில் என்னைப் பார்க்கவும்.

– இறுதியாண்டு மாணவர்,
இயந்திரவியல் துறை